கைப்பிடி ஏன் இவ்வளவு கனம்?

கேள்வி: எங்கள் தெருவில் முப்பது வருடத்துக்கு முன் போட்ட அடிபம்பு இருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதால் அதைக் கழற்றிவிட்டு, அந்த போரில் மோட்டார் இறக்கி சின்டெக்ஸ் தொட்டி வைக்கலாம் என்று ஊரில் பேசுகிறார்கள். பம்பும் ஒரு வருடமாகச் சரியில்லை. கைப்பிடி உலக்கை மாதிரி கனக்கிறது. எழுபது வயதான அம்மாவால் அடிக்க முடியவில்லை. இவ்வளவு கனமாக ஏன் செய்தார்கள்? அதை வைத்திருப்பதில் பயன் உண்டா?

– வாசகி, வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கழற்ற வேண்டாம். தண்ணீர் மட்டம் பம்புக்கு எட்டும் ஆழத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எட்டும் என்றால் பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாம். எட்டாது என்றால் அப்போது மோட்டாரைப் பற்றிப் பேசலாம். ஏன் என்பதற்கு, வாசகி கேட்ட அந்தக் கனமான கைப்பிடியில் இருந்தே தொடங்க வேண்டும்.

முப்பது வருடத்துக்கு முன் தமிழ்நாட்டில் போட்ட பொதுப் பம்பு என்றால் அது அநேகமாக இந்தியா மார்க் 2 வகையாகத்தான் இருக்கும். அடையாளம் எளிது. தலைப்பகுதி இரும்புப் பெட்டி போல இருக்கும். முன்பக்கம் ஒரு மூடி. ஒரு போல்ட்டைக் கழற்றி அதைத் திறந்தால் உள்ளே சைக்கிள் செயினைவிடப் பல மடங்கு தடித்த ஒரு செயின் தொங்கும். கைப்பிடி உருண்டைக் குழாயாக இருக்காது. 32 மில்லிமீட்டர் சதுரத்தில் திடமான இரும்புக் கட்டி. கைப்பிடி மட்டுமே பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும்.

அந்த இரும்பைக் கொஞ்சம் குறைத்திருந்தால் அம்மாவுக்கு லேசாக இருந்திருக்கும் என்று தோன்றுவது இயல்புதான். நடப்பது நேர் எதிர். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும்.

போருக்குள் அடியில் இருக்கும் சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். தண்ணீர் 30 மீட்டரில் (நூறு அடி ஆழத்தில்) நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவை கைப்பிடியை அமுக்கும்போதும், இரண்டரை அங்குல வட்டத்தின் மேல் 30 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்த் தூணை பிஸ்டன் தூக்கியாக வேண்டும். அதன் எடை ஏறக்குறைய 95 கிலோ. பிஸ்டனோடு சேர்ந்து மேலே வரும் 12 மில்லிமீட்டர் கம்பி, 30 மீட்டருக்கு 27 கிலோ. மொத்தம் 120 கிலோவைத் தாண்டுகிறது. இரண்டு சிமெண்ட் மூட்டைக்கு மேல்.

கைப்பிடி நெம்புகோலாக வேலை செய்து இந்தப் பாரத்தை எட்டில் ஒரு பங்காக்குகிறது. அப்படியும் 15 கிலோ கைக்கு வரும். குடம் நிறைய ஏறக்குறைய 40 தடவை அமுக்க வேண்டும். 40 தடவை 15 கிலோ. பத்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுக் கிழவிக்கும் அது நடக்காத காரியம்.

துலாக் கிணற்றில் துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நிறைந்த வாளி மேலே வரும்போது கல் தன் எடையால் கூடவே இழுத்துக் கொடுக்கும். அடிபம்பின் கைப்பிடி அந்தக் கல்தான். கீழே தொங்கும் கம்பியின் எடை முழுவதையும் கைப்பிடியின் எடையே தாங்கிக்கொண்டு, தண்ணீரின் எடையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மனிதர் கைக்கு மிஞ்சுவது பத்துக் கிலோ அளவில்தான். உடைந்த கைப்பிடிக்குப் பதிலாக வெல்டிங் பட்டறையில் லேசான குழாயைப் பற்றவைத்தால், பார்க்க லேசு, அடிக்கக் கனம். எனவே அம்மாவுக்குக் கனக்கிறது என்றால் குற்றம் கைப்பிடியின் எடையில் இல்லை. வேறு எங்கோ கோளாறு இருக்கிறது. அது எங்கே என்பதற்குப் பிறகு வரலாம்.

இப்படிக் கணக்குப் பார்த்து ஒரு பம்பைச் செய்ய வேண்டிய நிலை ஏன் வந்தது என்பது இன்று பலருக்கு மறந்துவிட்ட கதை.

1966-67இல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கடும் வறட்சி. தோண்டிய கிணறுகள் வற்றின. அப்போது யூனிசெஃப் அமைப்பு பாறையைத் துளைக்கும் காற்றழுத்த ரிக்குகளைக் கொண்டுவந்தது. கையால் பாறையை உடைத்துக் கிணறு வெட்ட மாதக்கணக்கில் ஆன இடத்தில், ஒரே நாளில் போர் போட முடிந்தது. பாறை நிலம் நிறைந்த தென்னிந்தியாவுக்கும் அது பெரிய வரம். ஆயிரக்கணக்கில் போர் போட்டார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வார்ப்பிரும்புப் பம்பை மாட்டினார்கள்.

அந்த வார்ப்பிரும்புப் பம்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீடுகளுக்காகச் செய்ததன் நகல். அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு பம்பு. ஐந்தாறு பேர். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். அந்த வீட்டுக்காரரே வாரம் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார், ஆணி தளர்ந்தால் முறுக்குவார். அதற்கு அந்தப் பம்பு நல்ல பம்பு. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதே பம்பு இந்தியக் கிராமத்துக்கு வந்தபோது என்ன ஆனது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு பொதுப் பம்புக்கு 250 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் என்பது பின்னாளில் அரசாங்கம் வைத்த அளவு. அப்படியென்றால் நாளொன்றுக்கு 10,000 லிட்டர். 15 லிட்டர் குடம் என்றால் கிட்டத்தட்ட 670 குடம். குடத்துக்கு 40 தடவை என்றால் நாளைக்கு 27,000 தடவை. வருடத்துக்கு ஒரு கோடியைத் தொடுகிறது. ஒரு குடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் பம்புக்குப் பதினோரு மணி நேரம் ஓய்வே கிடையாது. ஐந்து பேர் உள்ள வீட்டுப் பம்புக்கோ நாளைக்கு 530 தடவைதான். ஐம்பதில் ஒரு பங்கு. கோடையில் பக்கத்துத் தெரு பம்பு வற்றிவிட்டால் அந்தக் கூட்டமும் இங்கே வரும். அது வேறு.

வார்ப்பிரும்பு அடி தாங்காது. வளையாமல் பட்டென்று உடையும். பின் போட்ட இணைப்புகள் தேய்ந்து கைப்பிடி பக்கவாட்டில் ஆடும். ஆடினால் கம்பி சாய்வாக இழுபடும், உள்ளே வாஷர் ஒரு பக்கமாகத் தேயும். கழன்று விழுந்த பின்னுக்குப் பதில் ஆணியைச் செருகினார்கள். முறிந்த கைப்பிடிக்குப் பதில் மரக்கொம்பைக் கட்டினார்கள். 1970களின் நடுவில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, போட்ட பம்புகளில் முக்கால்வாசி ஓடவில்லை என்று தெரிந்தது. கோடிக்கணக்கில் செலவழித்துத் துளைத்த போர்கள், தண்ணீரோடு, மேலே பம்பு இல்லாமல் கிடந்தன.

கிராமத்தார் முரட்டுத்தனமாக அடித்து உடைக்கிறார்கள் என்று அன்று சொன்ன அதிகாரிகளும் உண்டு. இன்றும் பொதுக் கருவி எது பழுதானாலும் அதுதான் முதல் பேச்சாக இருக்கிறது. நாளைக்கு 27,000 தடவை ஒரு கருவியை மென்மையாக எப்படி அடிப்பது என்று அவர்களில் யாராவது செய்து காட்டியிருக்கலாம்.

மாற்றம் மகாராஷ்டிரத்தில் தொடங்கியது. ஜால்னாவிலும் பிறகு சோலாப்பூரிலும், கிறிஸ்தவ மிஷன்களைச் சேர்ந்த போர் போடும் ஆட்கள், தாங்கள் போட்ட கிணறுகளுக்குத் தாங்களே திரும்பத் திரும்பப் போய் பம்பைப் பழுது பார்த்து அலுத்துப்போனவர்கள். அவர்கள் வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகுத் தகட்டை வெட்டிப் பற்றவைத்துப் பம்பு செய்தார்கள். பல இணைப்புகளை எடுத்துவிட்டு ஒரே ஒரு அச்சு வைத்தார்கள். கைப்பிடியின் முனையில் கால்வட்ட வடிவில் ஒரு துண்டு, அதன் மேல் சுற்றி இறங்கும் செயின். கைப்பிடி எப்படி ஆடினாலும் கம்பி மட்டும் நேர்க்கோட்டில் ஏறி இறங்கும்.

இந்த சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்துத்தான் மார்க் 2 பிறந்தது. யூனிசெஃப், சென்னையில் இருந்த மெராடோ என்ற அரசு இயந்திர ஆராய்ச்சி நிறுவனம், பொதுத்துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸின் சென்னைத் தொழிற்சாலை ஆகியவை சேர்ந்து வேலை செய்தன. தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்க வேண்டியது சோதனை நடந்த இடம். கோயம்புத்தூர் வட்டாரம். தண்ணீர் ஆழத்தில் கிடக்கும் பூமி, பம்பைச் சுற்றி எப்போதும் கூட்டம். அங்கே 12 மாதிரிப் பம்புகளைப் போட்டு, ஊர் ஜனங்கள் வழக்கம் போல அடிக்கட்டும் என்று விட்டார்கள். தண்ணீர் மேலேயே கிடைக்கும் ஊரிலோ, ஆள் குறைந்த ஊரிலோ சோதித்திருந்தால் எல்லாப் பம்பும் தேறியிருக்கும். மிகக் கடினமான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே, 1970களின் கடைசியில் பெருமளவில் உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஐ.எஸ். 9301 என்ற தர எண்ணும் வந்தது.

பம்பைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு பாகத்திலும் யாரோ ஒருவர் மனதில் இருந்தது தெரியும். அச்சில் மூடிய பால் பேரிங் இருக்கிறது. எண்ணெய் விட ஆள் இருக்க மாட்டார் என்று தெரிந்து வைத்தது. தலைப்பெட்டிக்கு மூடியும் போல்ட்டும் இருப்பதற்குக் காரணம் சிறுவர்கள். பழைய பம்புகளில் மேல்பக்கத் திறப்பு வழியாகக் கல்லும் குச்சியும் உள்ளே போகும். அடிக்கத் தொடங்கும் முன் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றுகிற பழக்கமும் உண்டு. நோய் அந்த வழியாகவும் இறங்கியது. கான்கிரீட் மேடையும் அதில் புதைந்த கால்களும், கைப்பிடியில் இரண்டு பேர் தொங்கினாலும் மாடு வந்து உரசினாலும் அசையாமல் இருக்கத்தான்.

அடிப்பவர்களைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள், பழுது பார்ப்பவரைப் பற்றி அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. மார்க் 2இன் பெரிய குறை அதுதான்.

அதிகம் தேய்வது அடியில் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர். தோல் வாஷர் காலத்தில் அது இன்னும் சீக்கிரம் தேயும். கைக்கு அடக்கமான அந்த வட்டத்தை மாற்ற, மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். மூன்று மீட்டர் நீளக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஒன்பது கிலோவுக்கு மேல். 30 மீட்டருக்குப் பத்துக் குழாய். உள்ளே கம்பி, அடியில் சிலிண்டர், குழாய் நிறையத் தண்ணீர். நாலைந்து பேரும் தனிக் கருவிகளும் வேண்டும். அதற்காகத்தான் தமிழ்நாட்டில் மூன்று படி ஏற்பாடு வந்தது: ஊரில் பம்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு வண்டியோடு ஒரு குழு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் வண்டி வரும் வரை ஊர் காத்திருக்க வேண்டும். கோடையில் அந்தக் காத்திருப்பு என்ன என்பதைத் தலையில் குடம் சுமந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

1980களில் மறுபடியும் கோவைப் பக்கமே சோதனை நடந்தது. இந்த முறை கேள்வி வேறு: வண்டி வராத ஊரில் இரண்டே பேர் இந்தப் பம்பைப் பழுது பார்க்க முடியுமா? அதில் பிறந்தது மார்க் 3. இதில் குழாய் அகலமானது. கம்பியை மட்டும் மேலே இழுத்தால் பிஸ்டனும் புட்வால்வும் குழாய் வழியாகவே வந்துவிடும். குழாயை அசைக்க வேண்டியதில்லை. தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்ததும் இந்தச் சோதனைகளின் பலன். அது பல மடங்கு உழைக்கும். ஆனால் அகலக் குழாய் விலை அதிகம், எடையும் அதிகம். அதனால் மார்க் 3 எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. ரப்பர் வாஷர் மார்க் 2க்கும் வந்தது, அந்த அளவுக்கு லாபம்.

இரண்டு பேரால் முடியுமா என்ற கேள்விக்கு வடக்கே இன்னொரு பதிலும் கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், மகிளா சமாக்யா என்ற பெண்கள் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பெண்களுக்கு அடிபம்பு மெக்கானிக் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பாலும் தலித், பழங்குடிப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவர்களால் குழாயைத் தூக்க முடியுமா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தூக்கினார்கள், கழற்றினார்கள், மாட்டினார்கள். பம்பு நின்றால் முதலில் அல்லல்படுகிறவர் கையிலேயே ஸ்பேனர் இருந்ததால் பழுது அன்றைக்கே கவனிக்கப்பட்டது.

எந்தக் கருவிக்கும் அது நினைத்துப் பார்க்காத இடம் ஒன்று இருக்கும். மார்க் 2 கப்பல் ஏறி ஆப்பிரிக்கா போனது. கானா போன்ற இடங்களில் நிலத்தடி நீர் புளிப்புத் தன்மை கொண்டது. நம்மூர் பாறைத் தண்ணீரில் பல வருடம் நின்ற ஜி.ஐ. குழாய்கள் அங்கே சீக்கிரமே அரித்துப்போயின. தண்ணீரில் துரு நிறமும் வாடையும். பம்பு பழுதில்லாமல் நிற்க, ஜனங்கள் பழைய ஓடைத் தண்ணீருக்கே திரும்பிய இடங்கள் உண்டு. துருப்பிடிக்காத எஃகோ பிளாஸ்டிக்கோ போட்ட பிறகுதான் சரியானது. இங்கேயும் தண்ணீர் மேலேயே, அறுபது எழுபது அடி ஆழத்துக்குள் கிடைக்கும் ஊர்களில் மார்க் 2 சரியாக ஓடாது. கம்பியின் எடை குறைவாக இருப்பதால் கைப்பிடியின் கனத்துக்கு ஈடு இருக்காது. செயினால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. அது தொய்ந்து தொய்ந்து வெட்டி இழுக்கும். வேடசந்தூர் பக்கம் அந்தக் கவலை இருக்காது. அங்கே கவலை மறுபக்கம்: 150 அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் சாதாரண மார்க் 2 திணறும். குறுக்குப் பிடியும் கூடுதல் எடையும் உள்ள ஆழ்கிணற்று வகை அதற்கும் கீழே எடுக்கும். அதற்கும் எட்டாத ஆழம் என்றால் அடிபம்பை மறந்துவிட வேண்டியதுதான். தோட்டங்களில் ஆயிரம் அடி போர் போடும் ஊர்களில் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி வாசகியின் தெருப் பம்புக்கு வருவோம். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஊரிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. காசு செலவில்லை.

தண்ணீர் வரும் வரை அடித்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடவும். பிறகு மெதுவாக அடித்து, எத்தனையாவது தடவையில் தண்ணீர் விழுகிறது என்று எண்ணவும். ஐந்துக்குள் விழுந்தால் சரி. அதற்கு மேல் போனால் புட்வால்வோ குழாய் இணைப்போ ஒழுகுகிறது. அடுத்து, லிட்டர் கணக்குப் போட்ட வாளியை வைத்து, முழு வீச்சில் 40 தடவை அடிக்கவும். பத்து லிட்டர் கூட வரவில்லை என்றால் வாஷர் தேய்ந்துவிட்டது. இந்த இரண்டு எண்ணையும் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், மெக்கானிக் எந்தப் பாகத்தோடு வர வேண்டும் என்று அவருக்கே தெரியும். வெறுமனே "பம்பு ரிப்பேர்" என்று சொன்னால் ஒரு தடவை பார்க்க வருவார், மறு தடவை பாகத்தோடு வருவார்.

கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவும். லொடலொடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. முன்மூடியைத் திறந்து செயினைப் பார்க்கவும். காய்ந்து துருவேறி இருந்தால் கிரீஸ் தடவ வேண்டும். மாதம் ஒரு தடவை போதும். செயின் விறைத்துக் கிடந்தாலும் பேரிங் இறுகியிருந்தாலும் பத்துக் கிலோ வேலை இருபது கிலோ வேலையாகிவிடும். அம்மாவுக்குக் கனக்கிற கனம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேடையை எத்தனை தடவை சிமெண்ட் பூசி உயர்த்தியிருக்கிறார்கள்? ஊராட்சி வேலையில் பழைய மேடையை உடைக்காமல் அதன் மேலேயே பூசிவிடுவது வழக்கம். ஒவ்வொரு பூச்சுக்கும் நிற்கும் தரை உயர்கிறது, பம்பு உயர்வதில்லை. குடம் வைக்க இடம் குறுகும். கைப்பிடி இடுப்புக்குக் கீழே போய்விடும். குனிந்து அமுக்கும்போது உடம்பின் எடை உதவாது, இடுப்புதான் போகும். மேடையைக் கொத்தி எடுத்துப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அதுவே பாதி மருந்து. கைப்பிடியின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாக முழு வீச்சு அடிக்க வேண்டும். நடுவில் பிடித்துப் படபடவென்று குறுக்கி அடித்தால் களைப்பு மிஞ்சும், குடம் நிறையாது. லேசாகும் என்று நினைத்துக் கைப்பிடியில் குழாயைச் செருகி நீட்ட வேண்டாம். அது தரையில் இடிக்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும். முடியாதவர்களுக்கு, இரண்டு பேர் சேர்ந்து அடிக்கும்படி நுனியில் குறுக்குப் பிடி வைக்க முடியுமா என்று ஒன்றிய மெக்கானிக்கிடம் கேட்கலாம்.

மோட்டார் விஷயம். அந்த போரில் மோட்டார் இறக்கினால் பம்பின் குழாயும் கம்பியும் வெளியே வந்துவிடும். ஒரே துளையில் இரண்டும் இருப்பது சிரமம். அன்றாடம் வசதிதான், மறுப்பதற்கில்லை. எழுபது வயது அம்மாவுக்குக் குழாயைத் திறப்பது, பம்பை அடிப்பதைவிட நிச்சயம் மேல். ஆனால் வீட்டுக் குழாய், மேல்நிலைத் தொட்டி, சின்டெக்ஸ் தொட்டி மூன்றுமே ஒரே மின்கம்பியில் தொங்குகின்றன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. டெல்டாவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். டேங்கர் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாதவர், ஓடிப்போய்க் குடம் வைக்க முடியாதவர், பிரசவமான பெண், படுத்த படுக்கையில் இருப்பவர், இவர்களுக்கெல்லாம் அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்று அங்கே உறவினர் உள்ளவர்களுக்குத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புயல் அரிது என்று சொல்லலாம். கஜா கரையைத் தாண்டி உள்ளே வந்தபோது கொடைக்கானல் மலையும் அடி வாங்கியது.

தெருவில் வேறு போர் எதுவும் இல்லாமல், தண்ணீருக்கு இந்த ஒன்றுதான் என்றால், முடிவு கொஞ்சம் கஷ்டம். பெண்களையும் வயதானவர்களையும் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது. அந்த முடிவை டீக்கடைப் பேச்சில் விடாமல் கிராம சபைக்குக் கொண்டுபோகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. பழுது பார்க்க வேண்டும், மேடையைச் சரி செய்ய வேண்டும், அந்த போரில் மோட்டார் இறக்கக் கூடாது என்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்கலாம். ஊரில் உள்ள எல்லா அடிபம்புகளின் அந்த இரண்டு எண்ணையும், அரை மணி சோதனையும் வாளிச் சோதனையும், எழுதி எடுத்துக்கொண்டு போனால் பேச்சுக்குப் பலம் கூடும்.

ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்கில் சரியாக ஓடாத பம்பைப் பழுது பார்த்த உடனே அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. நிறம் தெளிந்து வாடை போகும் வரை நன்றாக இறைத்து விடவும். மெக்கானிக்கிடமோ ஊராட்சியிலோ சொல்லி, போருக்குள் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஒரு இரவு விட்டு, மறுநாள் அந்த வாடை போகும் வரை மறுபடி இறைக்க வேண்டும். அதன் பிறகு ஒரு பாட்டில் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதனைக்குக் கொடுக்கவும். ஃபுளோரைடு அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லவும். அது அதிகம் என்று வந்தால், குடிக்காமல் பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொண்டு, அதை மேடையில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு தம்ளர் படம் வரைந்து குறுக்கே கோடு போடலாம்.